'ஓ ஹேப்பி டே': சபைப் பாட்டு ரேடியோவைப் பிடித்த கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

முதலில், எந்தப் பாட்டு இது?

எட்வின் ஹாக்கின்ஸ் சிங்கர்ஸ் என்ற பெயரில் 1969-இல் வெளிவந்த 'ஓ ஹேப்பி டே'. கலிபோர்னியாவில் கறுப்பின இளைஞர்கள் சேர்ந்து பாடிய பெந்தெகொஸ்தே கொயர் (சபைப் பாடகர் குழு) பாட்டு. இயேசு என் பாவங்களைக் கழுவிய அந்த நாள் எவ்வளவு இன்பமான நாள் என்பதைத் தவிர அதில் வேறு சேதி கிடையாது. பீட்டில்ஸின் 'கெட் பேக்' முதலிடத்தில் இருந்த அதே காலத்தில் இந்தப் பாட்டு அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4-ஆம் இடம் வரை ஏறியது.

பேர் தெரியாவிட்டாலும் கேட்டால் "அட, இதுவா!" என்பீர்கள். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளிலும் விளம்பரங்களிலும் சினிமாக்களிலும் அத்தனை தடவை ஒலித்திருக்கிறது.

பாட்டை எழுதியது எட்வின் ஹாக்கின்ஸ்தானா?

வார்த்தைகள் அவருடையவை அல்ல. மூலம் இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் ஊழியம் செய்த ஃபிலிப் டாட்ரிட்ஜ் என்ற போதகர் எழுதிய ஞானப்பாட்டு. அவர் 1751-இல் இறந்தார். பாட்டுகள் 1755-இல் அச்சாகின. ஞானஸ்நானம், திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) போன்ற ஆராதனைகளில் இந்த ஞானப்பாட்டைப் பாடுவார்கள். இன்று நாம் கேட்கிற பல்லவி டாட்ரிட்ஜின் கவிதையிலேயே இல்லை. அது 19-ஆம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்டது. அதன் மெட்டை எட்வர்ட் ரிம்போ என்ற ஆங்கிலேயர் பெயரில் சொல்வார்கள்.

அந்தப் பழைய மெட்டுக்கு ஒரு வேடிக்கையான கிளைக்கதை உண்டு. அமெரிக்காவில் மதுவிலக்கு வந்த காலத்தில் 'தொண்டை வறண்டு கிடக்கிறேனே' என்று குடிப்பிரியர்கள் பாடிய கிண்டல் பாட்டு இதே பல்லவி மெட்டில்தான் அமைந்தது. ஆக, பாட்டு சபையை விட்டு வெளியே போனது 1969-இல்தான் என்று யாராவது வருத்தப்பட்டால், அது எப்போதோ போய்விட்டது என்று சொல்லலாம்.

அப்படியானால் ஹாக்கின்ஸ் செய்ததுதான் என்ன?

சரணங்களை முழுக்கத் தூக்கிப் போட்டுவிட்டுப் பல்லவியை மட்டும் எடுத்துக்கொண்டார். அதன் பழைய மெட்டையும் விட்டுவிட்டார். கையில் மிஞ்சியது சில வரிகள். அந்தச் சில வரிகளை வைத்து ஐந்து நிமிடம் ஓட்டியிருக்கிறார். கேட்பவருக்கு நீளமாகத் தெரியவில்லை என்பதில்தான் வித்தை இருக்கிறது.

பாட்டு எப்படி நகர்கிறது என்று கவனித்துப் பாருங்கள். ஆரம்பத்தில் பியானோ மட்டும் முன்னால் நிற்கும்; வாசிப்பது ஹாக்கின்ஸ். லேசான லத்தீன் சாயலுள்ள, சற்றே ஆடவைக்கிற தாளக்கட்டு. பழைய கீர்த்தனைக்குரிய நிதானமான அடி அதில் கிடையாது. அப்புறம் தனிக்குரல் வருகிறது. கனத்த பெண்குரல், கீழ் ஸ்தாயியில், அவசரமே இல்லாமல் முதல் வரியைப் பாடும். குழு அதை அப்படியே திருப்பிப் பாடும். மறுபடி தனிக்குரல், மறுபடி குழு. நம் பஜனைக்காரர்கள் ஒரு வரியை எடுத்துக் கொடுத்துப் பின்பாட்டு வாங்குவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதாகவே இருக்காது.

பாவங்களைக் கழுவினார் என்கிற இடம் வந்ததும் குழு முன்னால் வந்துவிடுகிறது. ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அழுத்தம் ஏற்றிப் பாடுகிறார்கள். கைதட்டு சேர்கிறது. ஏறி உச்சத்துக்குப் போகும் என்று நாம் காத்திருக்கும்போது சட்டென்று அடங்கி முதல் வரிக்கே திரும்பிவிடும். அடுத்த சுற்று இதைவிட மேலே போகும். விழித்திருக்கவும் போராடவும் ஜெபிக்கவும் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார் என்ற பகுதியில் தனிக்குரல் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதைத் தெளிவாகக் கேட்கலாம். ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றும் இந்த முறை பெந்தெகொஸ்தே ஆராதனையில் வளர்ந்தவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. ஹாக்கின்ஸ் அதை ஒரு பாப் பாட்டின் அளவுக்குள் அடக்கினார். என் கணக்கில் அவருடைய பெரிய சாதனை இதுதான்.

ஹிட் ஆக வேண்டும் என்று திட்டமிட்டா பதிவு செய்தார்கள்?

அப்படி எந்தத் திட்டமும் இல்லை. வழிச்செலவுக்குக் காசு திரட்டத்தான்.

ஹாக்கின்ஸ் 1943-இல் ஓக்லண்டில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பியானோ, குடும்பமாகச் சபைகளில் பாடுவது என்று வளர்ந்தார். 1967-இல் பெட்டி வாட்சன் என்பவருடன் சேர்ந்து, சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட் என்ற பெந்தெகொஸ்தே பிரிவுச் சபைகளின் வாலிபர்களைத் திரட்டி வடக்கு கலிபோர்னியா மாநில வாலிபர் கொயர் ஒன்றைத் தொடங்கினார். ஐம்பது பேர் வாக்கில். பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயது. 1968-இல் வாஷிங்டனில் அவர்கள் சபைப் பிரிவின் இளைஞர் மாநாடு. அங்கே நடக்கும் பாட்டுப் போட்டிக்குப் போக வேண்டும், நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பயணம். ஒரு இசைத்தட்டு போட்டு விற்றால் செலவைச் சமாளிக்கலாம் என்று யோசனை.

பெர்க்லியில் உள்ள எஃபீசியன் சபைக் கட்டடத்துக்குள்ளேயே, இரண்டே டிராக் (ஒலித்தடம்) கொண்ட கருவியில் எட்டுப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். அடித்தது 500 பிரதி. ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு வேறு. 'ஓ ஹேப்பி டே' எட்டில் ஒன்று. இதுதான் ஓடப்போகிறது என்று ஹாக்கின்ஸே நினைக்கவில்லை. போட்டியில் இரண்டாம் பரிசு கிடைத்தது.

இரண்டு டிராக் என்பதற்கு ஒரு விளைவு உண்டு. பதிவு முடிந்தபின் இந்தக் குரலைக் கூட்டு, அந்த வாத்தியத்தைக் குறை என்று உட்கார்ந்து சரிசெய்ய வழியில்லை. கட்டடத்தின் எதிரொலி, குழு ஒரேயடியாக எழும்பும்போது வருகிற நெரிசல், எல்லாம் அப்படியே தட்டில் இறங்கிவிட்டன. அன்றைய பாப் பாட்டுகள் ஸ்டுடியோவில் பளபளப்பாக்கி வந்தவை. அவற்றுக்கு நடுவே ரேடியோவில் இது வந்தபோது ஜன்னலைத் திறந்தாற்போல இருந்திருக்கும்.

சபைக்குள் விற்ற தட்டு ரேடியோவுக்கு எப்படிப் போனது?

சான் பிரான்சிஸ்கோவில் கேசான் என்று ஒரு எஃப்எம் நிலையம். ராக் இசை, ஹிப்பிகள், வியட்நாம் போர் எதிர்ப்பு எல்லாம் அந்த நிலையத்தின் உலகம். பட்டியல் பார்த்துப் பாட்டுப் போட வேண்டும் என்ற கட்டாயம் அங்கே கிடையாது. அறிவிப்பாளருக்குப் பிடித்ததைப் போடலாம். 'வோகோ' என்ற பட்டப்பெயர் கொண்ட ஏப் கெஷ் என்ற அறிவிப்பாளர் கையில் இந்தத் தட்டு கிடைத்து, அவர் 'ஓ ஹேப்பி டே'யை ஒலிபரப்ப ஆரம்பித்தார். போன் மேல் போன். மற்ற நிலையங்களும் தொடர்ந்தன.

கம்பெனிகள் ஓடி வந்தன. கடைசியில் பெவிலியன் என்ற லேபிளில் தட்டு வெளியானது, நாடு முழுக்க விநியோகம் செய்தது புத்தா ரெக்கார்ட்ஸ். பதின்வயதுப் பிள்ளைகளுக்கான மிட்டாய்ப் பாட்டுகளுக்குப் பேர்போன கம்பெனி அது. இயேசு பாட்டை ஹிப்பி ரேடியோ கண்டெடுக்க, புத்தர் பெயரில் இருந்த கம்பெனி ஊருக்கெல்லாம் விற்றது. கதையாக எழுதினால் நம்ப மாட்டார்கள்.

குழுவின் பெயர் மாறியதும் இப்போதுதான். வடக்கு கலிபோர்னியா மாநில வாலிபர் கொயர் என்று சிங்கிள் தட்டில் போட்டால் எடுபடுமா? எட்வின் ஹாக்கின்ஸ் சிங்கர்ஸ் ஆனார்கள்.

எவ்வளவு பெரிய ஹிட்?

அமெரிக்காவில் 4-ஆம் இடம், பிரிட்டனில் 2-ஆம் இடம். ஐரோப்பாவில் சில நாடுகளில் முதலிடம். உலக அளவில் லட்சக்கணக்கில் விற்றது. 1970-இல் சோல் காஸ்பெல் (கறுப்பினச் சபைகளின் பக்திப் பாட்டு) பிரிவில் கிராமி விருது.

காஸ்பெல் பாட்டு பொது ரேடியோவில் ஓடியது இதுதான் முதல் தடவையா?

பட்டியலில் இவ்வளவு மேலே ஏறியதுதான் புதிது. வெளியே எட்டிப் பார்த்தவர்கள் முன்பே உண்டு. ரொசெட்டா தார்ப் என்ற பெண்மணி, இதே சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட் சபைக்காரர், கிதாரைத் தூக்கிக்கொண்டு 1938-இலேயே நியூயார்க்கின் காட்டன் கிளப் மேடையில் பாடினார். 1945-இல் அவருடைய பாட்டு ஒன்று, கறுப்பின மக்களின் இசைக்கு என்று பில்போர்டு வைத்திருந்த தனிப் பட்டியலில் 2-ஆம் இடம் பிடித்தது. மஹாலியா ஜாக்சன் 1940-களின் பிற்பகுதியில் தட்டு விற்பனையில் பெரும் வெற்றி கண்டவர். ஆனால் சபை சாராத பாட்டுகள் பாட மாட்டேன் என்று உறுதியாக நின்றார்.

எதிர்த் திசையில் போனவர் சாம் குக். சோல் ஸ்டிரரர்ஸ் என்ற புகழ்பெற்ற காஸ்பெல் குழுவில் நடுநாயகமாக இருந்தவர். காதல் பாட்டுப் பாட ஆசை. 1956-இல் முதல் தட்டை 'டேல் குக்' என்று பெயரை மாற்றிப் போட்டுப் பார்த்தார், சபை ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்களே என்று. அந்தக் குரலை மறைக்க முடியுமா? எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு வெளிப்படையாகவே பாப் பக்கம் வந்து முதலிடம் பிடித்தார்.

அதுவரை இருந்த வழக்கம் இதுதான்: பொது ரேடியோவில் பெரிதாக ஜெயிக்க வேண்டுமானால் இயேசுவை எடுத்துவிட்டுக் காதலியை வைக்க வேண்டும். மெட்டும் குரலும் சபையிலிருந்து வரலாம், பெயர் வரக்கூடாது. 'ஓ ஹேப்பி டே' அந்தப் பேரத்துக்கே போகவில்லை. இயேசு என்ற பெயர் பாட்டின் உச்ச இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

சபை சந்தோஷப்பட்டிருக்குமே?

ஒரு பகுதி சந்தோஷப்பட்டது. பெரியவர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. நம் ஊரில் 'உலகப்பிரகாரமானது' என்று சொல்வார்களே, அதே புகார்தான். கர்த்தரைத் துதிக்கிற பாட்டு ராக் பாட்டுகளுக்கு நடுவே ஒலிக்கிறது, அதற்கு ஆடுகிறார்கள், மது பரிமாறுகிற இடங்களில்கூட இந்தக் குழு மேடையேறுகிறது. இளைஞர்களைச் சபைக்கென்று சேர்த்துவிட்டு இப்படிக் கொண்டுபோய்விட்டாரே என்று ஹாக்கின்ஸ் மீது நேரடியாகவே வருத்தம்.

ஹாக்கின்ஸின் கட்சி வேறு. சுவிசேஷத்தை உலகமெங்கும் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறதே, சபைக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தால் அது எப்படிப் போய்ச்சேரும்? இந்த நிலையிலிருந்து அவர் பின்வாங்கவில்லை.

இதில் எனக்கு ஹாக்கின்ஸ் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆனால் எதிர்த்தவர்களை வெறும் பழமைவாதிகள் என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. ஆராதனையில் பாடும்போது கேட்பவரும் பாடுபவரும் ஒரே நோக்கத்தோடு இருக்கிறார்கள். டிக்கெட் வாங்கி வருகிறவரின் முன்னால் அதே பாட்டைப் பாடும்போது அது நிகழ்ச்சியாகிவிடுகிறது. அந்த வித்தியாசத்தைப் பெரியவர்கள் சரியாகவே கண்டார்கள். காஸ்பெல் கலைஞர்களான கிர்க் ஃபிராங்க்ளின், மேரி மேரி ஆகியோரின் பாட்டுகள் பின்னாளில் நடன அரங்குகளில் ஓடியபோதும் இதே வாக்குவாதம் வரி மாறாமல் திரும்ப நடந்தது.

அந்தத் தனிக்குரல் யாருடையது? பலர் எட்வின் ஹாக்கின்ஸ் பாடியது என்று நினைக்கிறார்களே?

டாரதி கோம்ஸ் மாரிசன். டெக்சஸ் மாநிலத்தில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்தவர். பாட்டை உயிரோடு வைத்திருப்பதில் பாதி அவர் பங்கு, தட்டின் முகப்பிலோ வேறொருவர் பெயர். பாட்டு ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே குழுவை விட்டுத் தனியாகப் பாடப் போனார். தனி ஆல்பங்கள் வந்தன. 1969-இல் பிக் சர் கடலோரத்தில் நடந்த நாட்டுப்புற இசை விழாவில் ஜோன் பேயஸ் போன்றவர்கள் ஏறிய மேடையில் அவரும் பாடினார். அந்த ஒரு பாட்டின் உயரத்தை மறுபடி எட்ட முடியவில்லை; யாரால்தான் முடியும்?

குழுவில் இருந்த இன்னொரு இளம்பெண் டிரமெய்ன் டேவிஸ். பிற்பாடு எட்வினின் தம்பி வால்டர் ஹாக்கின்ஸை மணந்து, டிரமெய்ன் ஹாக்கின்ஸ் என்ற பெயரில் காஸ்பெல் உலகின் பெரிய பாடகியானார்.

ஜார்ஜ் ஹாரிசன் மீதான வழக்குக்கும் இந்தப் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசனுக்கு 'ஓ ஹேப்பி டே' மிகவும் பிடித்துப்போனது. அதன் தூண்டுதலில்தான் 'மை ஸ்வீட் லார்ட்' எழுதினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். தனிக்குரல் கடவுளை அழைக்க, குழு அல்லேலூயா என்று ஆரம்பித்து எப்போது என்று தெரியாமலே ஹரே கிருஷ்ணாவுக்கு மாறிவிடுகிற அந்தப் பாட்டின் அச்சு இதிலிருந்து வந்தது.

அதை முதலில் பதிவு செய்தவர் ஹாரிசன் இல்லை, அவருடைய நண்பர் பில்லி பிரெஸ்டன். 1970 ஆரம்பத்தில் லண்டனில் நடந்த அந்தப் பதிவில் பின்னால் பாடியது எட்வின் ஹாக்கின்ஸ் சிங்கர்ஸேதான். எந்தப் பாட்டு தூண்டியதோ அந்தக் குழுவையே கூப்பிட்டுப் பாடவைத்திருக்கிறார்கள்!

வழக்கு வந்தது வேறு பக்கத்திலிருந்து. 1963-இல் ஷிஃபான்ஸ் என்ற பெண்கள் குழு பாடிய 'ஹீஸ் சோ ஃபைன்' பாட்டின் மெட்டு இது என்று அதன் உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ரிச்சர்டு ஓவன் தானும் ஒரு இசையமைப்பாளர். தெரிந்து திருடவில்லை, ஆனால் ஆழ்மனதில் கிடந்த மெட்டு வெளிவந்திருக்கிறது, அதுவும் உரிமை மீறல்தான் என்று 1976-இல் தீர்ப்புச் சொன்னார். பணக் கணக்கு பல ஆண்டுகள் இழுத்து, கடைசியில் 5,87,000 டாலரில் வந்து நின்றது.

ஹாரிசன் 'ஓ ஹேப்பி டே'யிலிருந்து எடுத்தது அமைப்பும் உணர்வும்; அதற்கு யாரும் வழக்குப் போடவில்லை, போடவும் முடியாது.

இந்தக் குழுவுக்கு வேறு ஹிட் உண்டா?

சொந்தப் பெயரில் இந்த அளவுக்கு இல்லை. 1970-இல் மெலனி என்ற பாடகியோடு சேர்ந்து பாடிய 'லே டவுன்' அமெரிக்காவில் 6-ஆம் இடம் வரை போனது. வுட்ஸ்டாக் இசை விழாவில் மழையில் கூட்டம் மெழுகுவத்தி ஏற்றியதைப் பார்த்து மெலனி எழுதியது. கிராமி விருதுகள் தொடர்ந்து வந்தன.

அந்த 500 பிரதி ஆல்பத்தின் தலைப்புப் பாட்டும் தனியே ஊர் சுற்றியது. ஜாஸ் கலைஞர் ஃபேரோ சாண்டர்ஸ் 1970-இல் அதை வாசித்தார். 1973-இல் கார்லோஸ் சந்தானாவும் ஜான் மெக்லாஃப்ளினும் கிதாரில் நீளமாக வாசித்தார்கள். விக்கு விநாயக்ராமின் கடத்தோடு பிறகு 'சக்தி' குழுவில் வாசித்த அதே மெக்லாஃப்ளின்தான்.

'சிஸ்டர் ஆக்ட் 2' படத்தில் வருவது இதே பாட்டா?

ஆமாம், ஆனால் புதிதாகப் பாடியது. 1993-இல் வந்த படம். ஊப்பி கோல்ட்பெர்க் பயிற்சி கொடுக்கும் பள்ளி மாணவர் குழு பாடும். கூச்சமான ஒரு பையன் தயங்கித் தயங்கி ஆரம்பித்து உச்சக் குரலுக்குப் போவான். பாடியவர் ரயன் டோபி. இன்று யூடியூபில் பாதிப் பேர் தேடுவது இந்த வடிவத்தைத்தான். அந்த உச்சக் குரல் அசல் பாட்டில் கிடையாது. டாரதி மாரிசன் கீழேயே நின்று சாதித்தவர்.

நம்பிக்கை இல்லாதவர்களும் ஏன் கேட்டார்கள்?

காலம் ஒரு காரணம். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார், நகரங்கள் எரிந்தன, போர் நடந்துகொண்டிருந்தது. அந்த வருடத்தை அடுத்து, 'இன்பமான நாள்' என்று ஐம்பது இளம் குரல்கள் பாடினால் காது திரும்பத்தான் செய்யும். இன்னொரு காரணம், இந்தப் பாட்டு கேட்பவரிடம் எதையும் கேட்பதில்லை. மனந்திரும்பு என்று சொல்லவில்லை. எனக்கு இப்படி நடந்தது என்று சாட்சி சொல்கிறது, அவ்வளவுதான். அடுத்தவர் சந்தோஷத்தைக் கேட்க மதம் எதற்கு?

எங்கள் கொயரில் பாட விரும்புகிறோம். எந்தப் பதிவைக் கேட்பது? அனுமதி வேண்டுமா?

முதலில் 1968-இல் பதிவான அசல். அப்புறம் 1987-இல் அரீத்தா ஃபிராங்க்ளின் டிட்ராய்ட்டில் தன் தந்தையின் சபையில் மேவிஸ் ஸ்டேபிள்ஸோடு பாடிய நேரடிப் பதிவு. இரண்டு பெரிய குரல்கள் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டு போகும். கண்ணால் பார்க்க வேண்டுமானால் 'சம்மர் ஆஃப் சோல்' ஆவணப்படம். 1969-இல் ஹார்லெமில் நடந்த விழாவில் இந்தக் குழு பாடியது அதில் இருக்கிறது.

பழைய ஞானப்பாட்டு யாருக்கும் சொந்தமில்லை, தாராளமாகப் பாடலாம். ஹாக்கின்ஸின் மெட்டும் இசையமைப்பும் பதிப்புரிமை உள்ளவை. எனவே பதிவு செய்து வெளியிடுவதாக இருந்தால் முறைப்படி உரிமம் வாங்குங்கள். பயிற்சியில் ஒன்றைக் கவனியுங்கள்: கைதட்டு இரண்டாம், நான்காம் அடிகளில் விழ வேண்டும். ஒன்றிலும் மூன்றிலும் தட்டினால் பாட்டு அணிவகுப்பு மாதிரி ஆகிவிடும். தனிக்குரலுக்கு உச்சம் தொடுகிறவரைத் தேடாமல், கீழே கனமாகப் பாடுகிற ஆல்டோவைப் பிடியுங்கள். முதல் சுற்றில் குழுவைக் கத்தவிடாதீர்கள், இன்னும் நாலு நிமிடம் ஏற வேண்டியிருக்கிறது.